இரைச்சலுக்குள் ரிஃபைப் பிடிப்பது எப்படி? ஹெவி மெட்டல் கேட்கப் பழக ஒரு வழிகாட்டி

கல்லூரி விடுமுறையில் வீட்டில் முதல் தடவை மெட்டல் போட்டபோது, அப்பா சமையலறையை எட்டிப் பார்த்து, “யாரு இந்நேரத்துல மிக்ஸி போடுறது?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் கேட்டது. விடுதி அறையில் கூட இருந்தவன் விடாமல் போட்டதால், வேறு வழியில்லாமல் கேட்டேன். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாய் தானாக ஒரு கிட்டார் துண்டை முணுமுணுத்தது. பாடகர் பாடியதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. கிட்டார் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. பாட்டு ஆரம்பித்ததும் குரல் எங்கே என்று தேடும். பல்லவி வந்தால் பிடித்துக்கொள்ளும். மெட்டலில் அந்தப் பல்லவியைப் பாடுவது கிட்டார். திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னத் துண்டுக்கு ரிஃப் என்று பெயர். குரல் அதன் மேல் ஏறி வருகிற இன்னொரு வாத்தியம். காதை வைக்கும் இடத்தை மாற்றினால் போதும், இரைச்சல் மெல்லப் பிரிய ஆரம்பிக்கும். அதைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் படி: ஃபோன் ஸ்பீக்கரை விடுங்கள்

சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த தந்தி ஒலிப்பது சுமார் 82 ஹெர்ட்ஸில். பல மெட்டல் குழுக்கள் அதையும் கீழே இறக்கித்தான் வாசிக்கின்றன. பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. ஃபோனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு இந்த இடமெல்லாம் எட்டவே எட்டாது. மேலே இருக்கும் சீறல் மட்டும் வரும், அடியில் இருக்கும் உடம்பு வராது. மிக்ஸி மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். காதை மூடும் சுமாரான ஹெட்போன் ஒன்று போதும். சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். தெளிவாகக் கேட்டால் குறைந்த சத்தத்திலும் மெட்டல் கனமாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பாட்டு, மூன்றே ஸ்வரம்

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் ஆல்பம் வெளிவந்தது: கிட்டாரில் டோனி அயோமி, பேஸில் கீஸர் பட்லர், டிரம்ஸில் பில் வார்டு, குரல் ஆஸி ஆஸ்போர்ன். குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றே: பிளாக் சாபத். மெட்டலின் பிறந்த நாள் எது என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் இந்தத் தேதியைத்தான் சொல்வார்கள்.

அந்த முதல் பாட்டைப் போடுங்கள். மழை பெய்யும், இடி இடிக்கும், தூரத்தில் தேவாலய மணி அடிக்கும். அப்புறம் கிட்டார் இறங்கும். மூன்றே ஸ்வரம்: கீழ் ச, மேல் ச, அடுத்து பிரதி மத்யமம். சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பஞ்சமத்துக்கு அரை ஸ்வரம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அடுத்த அடியில் ப வந்துவிடும் என்று காது காத்திருக்கிறது, வரவே வராது. இதே ம கல்யாணியில் இனிக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ரி, க, ப எல்லாம் சுற்றி நின்று அதைத் தாங்குகின்றன. இங்கே துணைக்கு ஒருவரும் இல்லை. ஆளில்லாத தெருவில் தனியாக நிற்கிறது அந்த ஸ்வரம். பயம் அங்கிருந்து வருகிறது.

மேற்கத்திய இசையில் இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர், சாத்தானின் இடைவெளி என்ற பட்டமும் உண்டு. இடைக்காலத்தில் கிறிஸ்தவத் திருச்சபை இதைத் தடை செய்தது என்று மெட்டல் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படி ஒரு தடை உத்தரவு இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. கதை நன்றாக இருப்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது. அயோமிக்கு இது வந்த வழி வேறு: ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் ‘கோள்கள்’ படைப்பில் செவ்வாய்க்கான பகுதியை பட்லர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார், அதன் நிழல்தான் இந்த ரிஃப்.

பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆஸி பாட ஆரம்பித்ததும் காது அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும், விடாதீர்கள். நாலரை நிமிட வாக்கில் வேகம் திடீரென்று மாறி கிட்டார் பாய்ச்சல் எடுக்கும். அந்த இடம் வரைக்கும் ரிஃபைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால் முக்கால் கிணறு தாண்டிய மாதிரி.

அயோமியின் விரல்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1965, அவருக்கு 17 வயது. தகரத் தொழிற்சாலையில் அன்றுதான் வேலையின் கடைசி நாள், இனி முழுநேர இசை என்ற கனவு. மதியம் வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தார். அம்மா, எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். பிற்பகலில் இயந்திரம் வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் வெட்டிவிட்டது. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்து உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார் அது. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், அதன் மேல் தோல் ஒட்டினார். தந்தி அழுத்த வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். பிறகு, 1971இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் தந்திகளின் சுருதியையே மூன்று அரை ஸ்வரம் இறக்கினார். தளர்ந்த தந்தி அழுத்தச் சுலபம், ஒலியோ இன்னும் ஆழம். இன்றைக்கு வாசிக்கிற எத்தனையோ பேர், விரல் பத்தும் நன்றாக இருந்தும், சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள்.

மூன்றாம் படி: கனம் எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் இயற்பியல். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பை அதன் கொள்ளளவுக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அதனால் மூல ஸ்வரத்தோடு புதிய மேல் ஸ்வரங்கள் கிளம்பும், நாதமும் நீண்டு நிற்கும். இதுதான் டிஸ்டார்ஷன். ஆரம்பத்தில் இது பழுது என்றே கருதப்பட்டது. பிறகு வேண்டுமென்றே பழுதாக்கினார்கள். அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் 1958இல் வந்த ‘ரம்பிள்’ பாட்டுக்காக ஆம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964இல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கரைக் கிழித்தார்.

சிக்கல் என்னவென்றால், டிஸ்டார்ஷன் வழியாக முழு கார்டு, அதாவது ச, க, ப மூன்றையும் சேர்த்து வாசித்தால் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். அதனால் காந்தாரத்தைக் கழற்றிவிட்டார்கள். ச, ப மட்டும். பவர் கார்டு என்பது இவ்வளவுதான். தம்புராவில் நாம் கேட்கிற அதே ஜோடி. மேஜர், மைனர் என்று தீர்மானிக்கிற க இல்லாததால் அது சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை, கல் மாதிரி நிற்கும். இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. ச-வுக்கும் ப-வுக்கும் அதிர்வெண் விகிதம் 2க்கு 3. டிஸ்டார்ஷன் இரண்டின் வித்தியாசத்தையும் ஒலியாக்கும்: 3இல் 2 போனால் 1, அதாவது கீழ் ஸ்தாயி ச. யாரும் வாசிக்காத ஒரு மந்திர ஸ்தாயி ஷட்ஜம் அடியில் இருந்து முழங்குகிறது! நெஞ்சில் மோதுவதில் இதற்கும் பங்கு உண்டு.

கூடவே பாம் மியூட் என்ற உத்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தி மேல் லேசாக வைத்து அடிப்பது. நாதம் நீளாமல் ‘ஜுக் ஜுக்’ என்று வெட்டி விழும். ரிஃபில் எது மூடிய அடி, எது திறந்த அடி என்று கவனித்தால், ஒரே ஸ்வரத்துக்குள் எவ்வளவு தாளம் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். மிருதங்கத்தில் மூடிய சொல்லும் திறந்த சொல்லும் மாறி மாறி விழுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புது விஷயமே இல்லை.

நான்காம் படி: பின்னால் நடந்து ப்ளூஸுக்குப் போங்கள்

மெட்டலை மட்டும் கேட்டு மெட்டலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. வேர் அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின மக்களின் ப்ளூஸில் இருக்கிறது. ராபர்ட் ஜான்சன் 1936, 37 இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 29 பாட்டுகள் பதிவு செய்துவிட்டு இளம் வயதிலேயே இறந்துபோனார். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் கிட்டார் கற்றார் என்று அவரைப் பற்றிக் கதை கட்டினார்கள். மெட்டலில் நடமாடும் சாத்தான் எங்கிருந்து வந்தான் என்று இப்போது புரிகிறதா? பிறகு ப்ளூஸ் சிகாகோவுக்குப் போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டது: மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப். அந்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தன. அங்கிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் அதை வேகமாகவும் சத்தமாகவும் வாசித்தார்கள். அவர்களில் லெட் செப்பலின் குழு சில சமயம் பெயர் போடாமலே எடுத்துக்கொண்டது. ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்ட பிறகுதான் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் அவர் பெயர் சேர்ந்தது.

ப்ளூஸின் அடிப்படை ஐந்து ஸ்வரம் நம் சுத்த தன்யாசி: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். அதில் இரண்டு மத்யமத்துக்கும் நடுவே ஒரு வழுக்கல் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல். டீப் பர்ப்பிள் 1972இல் வெளியிட்ட ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ச க ம. அடுத்து ச க, பிரதி மத்யமம் தொட்டு, சுத்த மத்யமத்தில் இறங்கும். திரும்ப ச க ம, க, ச. அந்த ஒரே ஒரு பிரதி மத்யமத் தொடல்தான் ரிஃபின் உப்பு. அதை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், சப்பென்று இருக்கும். சாபத் பாட்டில் பயமுறுத்திய அதே ஸ்வரம், இங்கே காரம் மாதிரி ஒரு சொட்டு.

எனவே இரண்டு நாள் மடி வாட்டர்ஸ் கேளுங்கள், பிறகு கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பிறகு திரும்ப சாபத். எலும்புக்கூடு ஒன்றே என்று காதே சொல்லிவிடும். மேற்கத்திய செவ்வியல் இசையின் பங்கு பின்னால் கூடியது. ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டால் வயலின் மேதை பகனினி மின்சாரக் கிட்டார் பிடித்த மாதிரி இருக்கும். ஹார்மோனிக் மைனர் என்று அவர்கள் சொல்வது நமக்குக் கீரவாணி. த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகைக் குழுக்களுக்குப் பிடித்த ஃப்ரிஜியன் ஸ்கேல், ஸ்வர வரிசையில் நம் தோடி. கமகம் இல்லாத தோடி என்று சொன்னால் சங்கீதக்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் ரி-யின் அந்த நெருக்கம் ஒன்றுதான்.

ஐந்தாம் படி: குதிரையும் இரட்டைக் கிட்டாரும்

ப்ளூஸின் சாயலைப் பெருமளவு உதறி, மெட்டலைத் தனி உருவமாகச் செதுக்கியது ஜூடாஸ் ப்ரீஸ்ட். இவர்களும் பர்மிங்ஹாம் பக்கம்தான். இரண்டு கிட்டார்கள், உச்சிக்குப் போகும் ராப் ஹால்ஃபோர்டின் குரல், தோல் ஜாக்கெட், இரும்புக் குமிழ்கள். 1980இல் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ பதிவு செய்தபோது இயந்திர மனிதர்கள் அணிவகுத்து நடக்கும் சத்தத்துக்கு, கரண்டி கத்திகள் நிறைந்த தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்களாம். அடுத்த தடவை கேட்கும்போது சமையலறை தெரியும்.

அதே காலத்தில் கிழக்கு லண்டனில் இருந்து அயர்ன் மெய்டன். ‘த ட்ரூப்பர்’ பாட்டில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸைக் கவனியுங்கள்: தா கிட, தா கிட, தா கிட. குதிரைப் பாய்ச்சல். பாட்டு கிரிமியப் போரில் நடந்த குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றியது என்பதால் பொருத்தமும்கூட. அதன் பிறகு ‘ஹாலோட் பி தை நேம்’. தூக்குக்குக் காத்திருக்கும் கைதியின் கடைசி நேரம், ஏழு நிமிடம். இரண்டு கிட்டாரும் ஒரே மெட்டை ஒரு காந்தாரம் தள்ளித் தள்ளிச் சேர்ந்து பாடும் இடங்களில் ஒரு கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அடுத்த முறை மற்றதை. யாருக்காவது ஒரே ஒரு மெட்டல் பாட்டைப் போட்டுக் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் போடுவேன். இதில் கத்தல் இல்லை, மெட்டு உண்டு, கதையும் உண்டு.

ஆறாம் படி: ஒரு நீண்ட பாட்டை வரைபடம் போட்டுக் கேளுங்கள்

மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, 1986. எட்டரை நிமிடம். கையில் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு, புது ரிஃப் வரும்போதெல்லாம் ஒரு எழுத்துப் போடுங்கள். ஆரம்ப வெட்டுகள் அ, வேகமாக அரை அரை ஸ்வரமாக இறங்கும் ரிஃப் ஆ, இப்படி. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை ஏறக்குறைய எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடிக்கிறது. மேலும் கீழும் அடித்தால் பாதி உழைப்புதான், ஆனால் அந்த ஒரே சீரான முறுக்கு வராது. வாசித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டாம் நிமிடத்திலேயே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாடல் வரிகள் வரும் இடத்தில் நாலு தட்டாகத் தாளம் போடுங்கள். ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் கை வழுக்கும். அங்கே சுற்று குறுகி, அடுத்த வரி கொஞ்சம் முன்னாலேயே வந்து விழுகிறது. பாட்டு போதைக்கு அடிமையானவனைப் பற்றியது. கால் எடுத்து வைப்பதற்குள் யாரோ பிடித்து இழுக்கிற உணர்வை அந்தக் குறுகலே தந்துவிடுகிறது. மூன்றரை நிமிடத்தில் எல்லாம் அடங்கும். தெளிந்த கிட்டார், இரண்டு கிட்டார் சேர்ந்த மெட்டு, பிறகு மெல்லக் கட்டி எழுப்பி மறுபடி வெடிப்பு. இதை ஒருமுறை தாளில் வரைந்துவிட்டால், வெறும் வேகம் என்று நினைத்த பாட்டு மாடிப்படி வைத்த வீடாகத் தெரியும்.

ஏழாம் படி: உறுமலைக் குரலாகக் கேட்காதீர்கள்

மெட்டலின் ஒரு கிளையான டெத் மெட்டலில் வரும் கிரௌல் என்ற உறுமல் பலருக்கும் பெரிய தடை. எனக்கும் மூன்று வருடம் ஆனது. பாடும் குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு, அதை அதிரவிட்டுத்தான் இந்த ஒலி. பழகாமல் கத்தினால் தொண்டை போய்விடும், பழகியவர்கள் பல வருடம் பாடுகிறார்கள். கோயில் கொடையில் சாமி வந்தவர் எழுப்பும் குரலில் நாம் சுருதி தேடுவதில்லை. அது பாட்டுக்கான குரல் இல்லை, வேறொன்று வந்து நிற்பதன் அடையாளம். அப்படி எடுத்துக்கொண்டால் சிக்கல் பாதி தீரும். ஃப்ளோரிடாவின் டெத் குழுவில் இருந்து தொடங்குங்கள். சக் ஷுல்டினரின் குரல் கரடுமுரடு, கிட்டாரோ நூல் பிடித்த மாதிரி. 1990களில் வந்த அவர்களுடைய ஆல்பங்கள் முதல் ஆல்பத்தைவிட நுணுக்கமானவை.

நார்வேயின் பிளாக் மெட்டலுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தில் சிலர் தேவாலயங்களை எரித்தார்கள், கொலையும் நடந்தது. அந்த வரலாறு இசையைவிடப் பெரிதாகப் பேசப்படுகிறது, எனக்கு அதில் சலிப்புதான். டூம், பவர், ப்ராக் என்று கிளைகள் நிறைய, பெயர்ப் பட்டியலைப் பாடமாக்க வேண்டியதில்லை. பிடித்த பாட்டு இழுக்கும் பக்கம் போனால் போதும்.

தாளப் பைத்தியங்களுக்கு மட்டும் ஒன்று: ஸ்வீடனின் மெஷுகா. டிரம்ஸின் சிம்பல் தட்டு நிதானமாக நாலு எண்ணிக்கொண்டிருக்கும். கீழே கிட்டாரும் கால் டிரம்மும் வேறொரு நீளச் சுற்றில் ஓடும். இரண்டும் விலகி விலகிப் போய், பல சுற்றுக்கு அப்புறம் ஒரு இடத்தில் சேர்ந்து இறங்கும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கோர்வை சமத்தில் வந்து விழும்போது தலை ஆட்டுகிறோமே, அதே தலையாட்டல். கையில் சிம்பலின் தாளத்தைப் போடுங்கள், காதைக் கிட்டாரில் வையுங்கள்.

எட்டாம் படி: பக்கத்தில் இருப்பதையும் கேளுங்கள்

சிங்கப்பூரின் ருத்ரா 1992இல் தொடங்கிய குழு. டெத் மெட்டலில் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் கலந்தவர்கள். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் இருந்தபோது பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகங்களைக் கொண்டுவந்தார், தந்தியை வளைத்து வழுக்கும் அந்தக் கை நமக்கு உடனே பிடிபடும். பெங்களூரு அரண்மனை மைதானம் தென்னிந்திய ரசிகர்களுக்கு ஒரு க்ஷேத்திரம் மாதிரி: அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் வந்தார்கள், மெட்டாலிகா 2011 அக்டோபரில்.

நேரில் போனால் காதுக்கு அடைப்பான் கட்டாயம். கோழைத்தனம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் மோதிக்கொள்ளும் வட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓரமாக நில்லுங்கள். அதற்குள் யாராவது விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் உடனே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அது எழுதாத சட்டம்.

ஆஸி 2025 ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே கடைசியாகப் பாடினார். 17 நாள் கழித்து இறந்துபோனார். கூட்டம் முழுக்க ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் கொம்பு மாதிரி உயர்ந்திருந்தன. சாத்தான் வழிபாட்டுச் சின்னம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதைப் பிரபலமாக்கியவர் ஆஸிக்குப் பிறகு சாபத்தில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த அவருடைய பாட்டி, கண்ணேறு படாமல் இருக்கக் காட்டிய முத்திரை அது. நம் பாட்டிமார் திருஷ்டி கழிப்பது போலத்தான். நீங்களும் தாராளமாகக் காட்டலாம், கட்டை விரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். அதையும் நீட்டினால் அமெரிக்கச் சைகை மொழியில் ‘ஐ லவ் யூ’ என்று ஆகிவிடும்.